பாலத்துக்கு முன்னால் இருந்த நாட்கள்

கெலாங் பாத்தாவில் மகேஸ்வரனை நேரில் பார்த்திராதவர்கள்கூட அவர் பாலத்தை மறித்த கதையைக் கேட்டிருப்பார்கள். சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலம் அது. விடிந்தும் விடியாத பொழுதில், வேலைக்குப் போகிறவர்களின் மோட்டார் சைக்கிள்கள் எறும்பு வரிசையாக, அக்கரையில் சிங்கப்பூர் எல்லைக்குள் இருக்கும் துவாஸ் பக்கம் ஊர்ந்துகொண்டிருந்தன. மகேஸ்வரன் தன் மோட்டாரைக் குறுக்கே நிறுத்தினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடிபோல ஆட்டினார். "இன்னிக்கு யாருக்கும் பாஸ்போர்ட் வேணாம்! நான் பேசிட்டேன்! எல்லாரும் போலாம், போங்க போங்க!" என்று லாரிகளுக்குக் கைகாட்டினார்.

இரண்டு அரசாங்கங்களோடும் தான் பேசி முடித்துவிட்டதாக அந்தக் காலையில் அவர் மனதார நம்பினார். அவ்வளவு சந்தோஷமாகத் தன் வாழ்க்கையில் இருந்ததே இல்லை என்று பின்னாளில் சொல்வார். போலீஸ் வந்து தோளில் கைவைத்தபோதுகூட, தன்னைப் பாராட்ட வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்.

பின்னாலிருந்த யாரோ அதைக் கைப்பேசியில் எடுத்துவிட்டார்கள். ஒரு நிமிடம்தான் ஓடும். 'பாலத்துப் பைத்தியம்' என்று பெயர் வைத்து வாட்ஸ்அப்பில் விட்டார்கள். மத்தியானத்துக்குள் அது அவருடைய மனைவி ரூபினி பாடம் சொல்லிக்கொடுக்கும் பாலர் பள்ளிக்கு வந்துவிட்டது. மகள் லோஷினி படித்த இடைநிலைப்பள்ளிக்கு அதற்கும் முன்பே வந்திருந்தது. ஊர்வாயை மூட உலைமூடி கிடையாது என்பார்கள். கைப்பேசி வந்த பிறகு ஊருக்கு வாயும் தேவைப்படவில்லை.

அதற்கு முன்பு மகேஸ்வரனைப் பற்றிச் சொல்ல யாருக்கும் எதுவும் இருந்ததில்லை. காஹாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா எண்ணெய்ப் பனைக்குலை அறுப்பவர். மகேஸ்வரன் குளுவாங்கில் தொழிற்கல்வி படித்து, துவாஸில் பிளாஸ்டிக் உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இயந்திரப் பழுது பார்ப்பவரானார். இருட்டில் புறப்பட்டு இருட்டில் திரும்பும் பிழைப்பு. அதிர்ந்து பேசத் தெரியாதவர். வீட்டில் பல்பு மாற்றினால்கூட, மாற்றியதைச் சொல்லாமல் போய்ப் படுத்துக்கொள்ளும் ஆள்.

இருதுருவ நோய் என்று, போலீஸ் கொண்டுபோய்ச் சேர்த்த மருத்துவமனையில் சொன்னார்கள். மனசு ஒரு காலத்தில் பெருங்காற்றில் பட்டமாக ஏறும், இன்னொரு காலத்தில் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடக்கும். பட்டம் ஏறியதை ஊரே பார்த்தது. கல் கிடந்ததை ரூபினி மட்டும் பார்த்தாள்.

வார்டிலிருந்து வந்த பிறகு அவர் மாதக்கணக்கில் படுத்தே கிடந்தார். வேலை போய்விட்டது. குளிக்கச் சொன்னால் "குளிக்கிறேன்" என்பார், எழுந்திருக்க மாட்டார். மாத்திரையால் கை நடுங்கியது, உடம்பு ஊதியது. காஹாங்கிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து கயிறு கட்டினார்கள், விபூதி போட்டார்கள், அழுதார்கள். கொஞ்சம் தெளிந்ததும், இனி எதற்கு என்று அவரே மாத்திரையை நிறுத்தினார். மறுபடியும் வார்டுக்குப் போனார்.

அவர் எழுந்து நடமாடியதைக் கதையாகச் சொன்னால் சப்பென்று இருக்கும். ஒருநாள் தெருமுனைக் கடைக்குப் போய் ரொட்டி வாங்கிவந்தார். இன்னொரு நாள் லோஷினியின் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போட்டார். பிறகு, மோட்டார் பட்டறை வைத்திருந்த செல்வா என்ற நண்பர், "சும்மா வந்து ஒக்காருலா, பேச்சுத் துணைக்கு" என்று கூப்பிட்டார். போய் உட்கார்ந்தவர் கை, தானாக ஸ்பேனரைத் தேடியது. நடுங்கும் கையால் ஒரு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம்செய்து மாட்ட ஒரு பகல் முழுவதும் ஆனது. செல்வா கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை. அந்த வேலைதான் இன்றுவரை அவருக்குச் சோறு போடுகிறது.

சுபத்திரா அவரை உதவிக்குக் கேட்டது இதெல்லாம் நடந்து சில வருடங்கள் கழித்து. கடைவீடுகளின் மாடியில் இயங்கிய சமூக மனநல மையத்தில் அவர் தொழில்வழிச் சிகிச்சையாளர். நோயிலிருந்து எழுந்தவர்கள் மறுபடி வாழ்க்கையைக் கட்டிக்கொள்ள அவர் நடத்தும் வகுப்புகளுக்கு 'மீட்சி வகுப்பு' என்று பெயர். மலாய் மொழியில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. தமிழில் ஒன்று தொடங்க வேண்டும் என்றார்.

"நான் வந்து கோப்பி கலக்கிக் குடுக்கணுமா மிஸ்?" என்றார் மகேஸ்வரன்.

"கோப்பி நான் கலக்குறேன். நீங்க என்கூட நின்னு பாடம் நடத்தணும்."

"அலமாக்! நானா? நான் பேஷண்ட் மிஸ்."

"அதனாலதான் கேக்குறேன். இந்த நோய் எப்படி வேல செய்யும்னு எனக்குத் தெரியும். அத வச்சுக்கிட்டு காலைல எப்படி எந்திரிக்கிறதுன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பேரும் சேர்ந்தாதான் பாடம் முழுசாகும்."

வீட்டில் சொன்னபோது ரூபினி இட்லி மாவைக் கலக்குவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். "பேசுவீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

பேசினார். ஆனால் முதல் வகுப்பில் அவர் பேசியது கோயில் ஆண்டுக்கூட்டத்தில் செயலாளர் அறிக்கை வாசிப்பதுபோல் இருந்தது. "அன்பார்ந்த சகோதர சகோதரிகளே, மனநலம் என்பது யாதெனில்" என்று ஆரம்பித்து, சுபத்திரா கொடுத்த பயிற்சியில் கேட்டதையெல்லாம் மனப்பாடமாக ஒப்பித்தார். சிலர் கொட்டாவி விட்டார்கள். பெக்கான் நானாஸிலிருந்து வந்திருந்த ஷாமளா கையைத் தூக்கினாள். அன்னாசி டின் அடைக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவள், மனச்சோர்வால் விடுப்பில் இருந்தாள். வாய்த்துடுக்கு மட்டும் விடுப்பில் இல்லை.

"அண்ணே, இதெல்லாம் சுவத்துல ஒட்டியிருக்கு, நாங்களே படிச்சிக்குவோம். உங்களுக்கு என்னா ஆச்சு, அதச் சொல்லுங்க."

மகேஸ்வரன் அன்று ஏதோ சொல்லிச் சமாளித்தார். அடுத்த வகுப்பில் மடை திறந்துவிட்டார். வார்டு, கட்டிலில் கிடந்தது, சாகத் தோன்றிய நாட்கள், எல்லாம் கொட்டினார். சொல்லச்சொல்ல அவர் நெஞ்சு லேசானது. ஆனால் கேட்டவர்கள் நெஞ்சு கனத்துப்போனது. ஐயாசாமி என்ற பெரியவர், தோட்டத்து லாரி ஓட்டி ஓய்வுபெற்றவர், பாதியில் எழுந்து அழுதுகொண்டே வெளியே போய்விட்டார். சுபத்திரா பின்னாலேயே ஓடி, படிக்கட்டில் அவரோடு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

எல்லோரும் போன பிறகு சுபத்திரா நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்: "நீங்க சொன்னது எல்லாம் உண்மை. ஆனா இன்னிக்கு அது யாருக்குத் தேவைப்பட்டுச்சு? அவங்களுக்கா, உங்களுக்கா?"

மகேஸ்வரனுக்குச் சுருக்கென்றது. ஆனால் கோபம் வரவில்லை. பட்டறையில் ஒரு வண்டி வந்தால் பெட்டியிலிருக்கும் ஸ்பேனரையெல்லாம் எடுத்து அதன்மேல் கொட்டுவதில்லை. எந்த நட்டுக்கு எது பொருந்தும் என்று பார்த்து ஒன்றைத்தான் எடுக்கிறோம். அன்றிலிருந்து ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் இருவரும் கீழே கோப்பிக் கடையில் உட்கார்ந்து, இன்றைய பாடம் என்ன, அதற்கு அவர் வாழ்க்கையிலிருந்து எந்தத் துண்டு போதும் என்று பேசி முடிவுசெய்தார்கள். தூக்கத்தைப் பற்றிய வகுப்பா? அப்படியானால், இரண்டு ஷிப்டு மாறிமாறிப் பார்த்த மாதங்கள். மாத்திரையைப் பற்றியா? அவராக நிறுத்திய கதை. ஐயாசாமியின் வீட்டுக்கு இரண்டு பேரும் போனார்கள். அவர் தேநீர் கொடுத்து உபசரித்தார், நன்றாகப் பேசினார், ஆனால் வகுப்புக்குத் திரும்பி வரவில்லை. அந்தக் குறை மகேஸ்வரனுக்கு இன்றும் உண்டு.

வகுப்பு மெல்லச் சூடுபிடித்தது. ஷாமளா பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசி வெட்டிக்கொண்டு வருவாள். வராதவர்களுக்கு யாராவது போன் போடுவார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் விஜயன் வந்தான். இருபது தாண்டிய பையன், கிடங்கு வேலையிலிருந்து நின்றவன். முதல் நாளே மகேஸ்வரனை உற்றுஉற்றுப் பார்த்தான்.

"அண்ணே, நீங்கதானே அந்தப் பாலத்து ஆளு? வீடியோ என் போன்லயே இருந்துச்சு லா. நாங்க கூட்டாளிங்கல்லாம் அதப் பாத்து..."

சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான்.  மகேஸ்வரன், "ஆமாம்பா, நான்தான்" என்று சொல்லிவிட்டு, கழிவறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, மிச்சப் பாடத்தை நடத்தி முடித்தார். என்ன நடத்தினார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து, "இனிமே போகல ரூபி" என்றார். "எத்தன வருஷம் ஆனாலும் நான் அந்த ஒரு நிமிஷந்தான்."

ரூபினி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த சட்டையை மடித்து வைத்தாள். பிறகு, "எனக்கு அந்த வீடியோ மேல வேற கோவம்" என்றாள்.

"என்னா கோவம்?"

"அது ரொம்ப லேட்டா ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரமா நான் கிடந்து தவிச்சேனே, அது அதுல இருக்கா? நீங்க பாடிக்கிட்டே திரிஞ்சது இருக்கா? வாசல் கேட்டுக்கு நீலம் அடிச்சி, காயறதுக்குள்ள பச்சை அடிச்சது இருக்கா? பாத்தவங்க எல்லாம் பாலத்துலதான் உங்களுக்குப் பைத்தியம் புடிச்சதுன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. பாலம் கடசிங்க. அதுக்கு முன்னாடி யாராச்சும் எனக்கு இன்னது பாரும்மான்னு சொல்லியிருந்தா, நீங்க பாலத்துக்குப் போயிருக்கவே மாட்டீங்க."

மகேஸ்வரன் மடித்த துணியை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தார். அவள் இவ்வளவு பேசி அவர் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியது தான்தான் என்றும் தோன்றியது.

"இத அங்க வந்து சொல்றியா?" என்றார்.

வகுப்பில் அந்த வீடியோவையே போட்டுக்காட்டி, அதற்கு முந்தைய கதையைச் சொல்லலாம் என்றதற்குச் சுபத்திரா உடனே சம்மதிக்கவில்லை. "நீங்க ஆசப்பட்டுச் செய்றீங்களா, இல்ல, விஜயனுக்குப் பதில் சொல்லியாகணும்னு செய்றீங்களா?" என்று கேட்டார். அவசரப்படாமல் இரண்டு வாரம் யோசித்துவிட்டு வரச்சொன்னார். வகுப்பில் இருப்பவர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், பார்க்க விருப்பமில்லாதவர்கள் வெளியே இருக்கலாம் என்றார். லோஷினியிடமும் கேட்டார்கள். அவள் அப்போது பொலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள்.

"போடுங்கப்பா," என்றாள். "ஆனா நான் வரமாட்டேன். எனக்கு அதப் பாத்தது போதும்." பிறகு வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள்.

இரண்டு வாரம் கழித்து வந்த சனிக்கிழமை வகுப்பிலிருந்து யாரும் வெளியே போகவில்லை. சுவரில் வீடியோ ஓடியது. இளைத்த, கண் பளபளக்கும் ஒரு மனிதர் ஹெல்மெட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். முடிந்ததும் மகேஸ்வரன் விளக்கைப் போட்டார். 

"இத நெறைய பேரு பாத்திருப்பீங்க. இது கடசி. இப்ப நாம பின்னால நடந்து போவோம். இதுக்கு முந்தின நாளு இந்த ஆளு எப்படி இருந்திருப்பான்? அதுக்கு முந்தின வாரம்?"

வெண்பலகையில் வலது ஓரத்தில் ஒரு பாலத்தை வரைந்தார். அதிலிருந்து இடப்பக்கமாக ஒரு கோடு இழுத்தார். ரூபினி எழுந்து வந்து பேனாவை வாங்கினாள். பாலர் பள்ளி டீச்சரின் குண்டுகுண்டு எழுத்தில் எழுதிக்கொண்டே போனாள். பாட்டு. பெயின்ட். பக்கத்து வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் புது ஹெல்மெட். சாப்பிட மறப்பது. டோல் சாவடிப் பெண்ணிடம் குடும்பக் கதை கேட்பது. ஹெல்மெட்டுக்கு எல்லோரும் சிரித்தார்கள். மகேஸ்வரனும் சிரித்துவிட்டார்.

"மொதல்ல ஆரம்பிச்சது தூக்கம்தான்," என்றார் அவர். "தூங்காமலே தெம்பா இருந்தேன்."

"இல்ல," என்றாள் ரூபினி.

"தூக்கம்தான் ரூபி."

"நீங்க உள்ள இருந்தீங்க, நான் வெளிய நின்னு பாத்தேன். மொத மொதல்ல நீங்க என்னைப் பாத்து, 'இந்தச் சேலைல அழகா இருக்கே'ன்னு சொன்னீங்க. கல்யாணம் ஆனதுலேர்ந்து சொன்னதே இல்ல. அப்பவே எனக்குப் பக்குன்னுச்சு."

அறை அதிர்ந்தது. ஷாமளா மேசையைத் தட்டிச் சிரித்தாள். "அண்ணே, பாவம்ணே அவங்க! நல்லா இருக்கும்போதும் ஒருதரம் சொல்லிவிடுங்க!"

சிரிப்பு அடங்கியதும் சுபத்திரா முன்னால் வந்தார். அவர் அவசரப்படவில்லை. அறிகுறி ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதையும், நாம் உள்ளே இருந்து பார்ப்பதும் வீட்டார் வெளியே இருந்து பார்ப்பதும் ஏன் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் எளிமையாக விளக்கினார். "இப்ப உங்க கோடு. உங்களுக்கு எது மொதல்ல வருது?" என்றார்.

ஷாமளா, மனம் இறங்கத் தொடங்கும்போது தான் திரைச்சீலைகளையெல்லாம் கழற்றித் துவைக்கப் போட்டுவிட்டு மாட்டாமலே விட்டுவிடுவேன் என்றாள். ஒருவர், கோயிலுக்குப் பின்வாசல் வழியாகப் போவேன் என்றார். விஜயன் கையைப் பிசைந்துகொண்டிருந்தான். கேட்காமலே விட்டுவிடலாம் என்று மகேஸ்வரன் நினைத்தபோது அவனே பேசினான்.

"எனக்குத் தெரியலண்ணே. எனக்கு எது மொதல்ல வருதுன்னு எனக்குத் தெரியல. எங்கம்மா கீழ இருக்காங்க. கூப்பிட்டுக் கேக்கலாமா?"

அவன் அம்மா தனலெட்சுமி ஒவ்வொரு வாரமும் மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, வகுப்பு முடியும்வரை கீழே கோப்பிக் கடையில் காத்திருப்பவர். மேலே வரச் சொன்னால், "நமக்கு எதுக்குங்க படிப்பெல்லாம்" என்பார். அன்று மூச்சிரைக்க ஏறிவந்து, ஏதோ தப்பு நடந்துவிட்டதோ என்ற பயத்தோடு வாசலிலேயே நின்றார்.

விஜயன் எழுந்து நின்றான். "ம்மா, எனக்கு மறுபடி வரப்போகுதுன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்? எத மொதல்ல பாப்பீங்க?"

தனலெட்சுமி எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். "தல சீவ மாட்டே," என்றார். பிறகு தலையை ஆட்டினார். "இல்ல, அதுக்கும் முன்னால, மீன்குழம்பு வேணாம்பே. யாரோ அதுல என்னமோ போட்டுட்டாங்கன்னு அப்புறமாத்தான் சொல்லுவே. மொதல்ல வெறும் வேணாம்தான். நீ வேணாம்னு தட்ட தள்ளுனாலே எனக்குத் தெரிஞ்சிடும்டா. ஆனா யாருகிட்ட சொல்றது? மீன்குழம்பு வேணாங்குறான்னு டாக்டர்கிட்ட போய்ச் சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்க மாட்டோம்மா," என்றார் சுபத்திரா. "அதத்தான் எங்களுக்குச் சொல்லணும்."

ரூபினி பலகையில் 'மீன்குழம்பு' என்று எழுதினாள். தனக்கு ஒரு நாற்காலி போடப்பட்டிருப்பதைப் பார்த்து, தனலெட்சுமி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த வாரத்திலிருந்து அவர் கீழே காத்திருக்கவில்லை. விஜயன் போகும்போது மகேஸ்வரனிடம் வந்து, "வீடியோவ அழிச்சிட்டேண்ணே" என்றான். "பரவால்ல லா, என்கிட்ட இன்னொன்னு இருக்கு" என்றார் மகேஸ்வரன்.

அந்த வகுப்பு பிறகு பல இடங்களில் நடந்தது. ரூபினி சனிக்கிழமைகளில் கூடவே போனாள். வீடியோவை எல்லா இடத்திலும் போடுவதில்லை. தேவையென்றால் போடுவார்கள், இல்லையென்றால் கோட்டை மட்டும் வரைவார்கள். பட்டறையில் யாராவது, "நீங்கதானே அந்தப் பாலத்து..." என்று இழுத்தால், "ஆமா, சனிக்கெழம வாங்க, மிச்சத்தச் சொல்றேன்" என்பார்.

நோய் அவரை விட்டுப் போய்விட்டது என்று அவர் எங்கேயும் சொன்னதில்லை. ஒரு தைப்பூசத்தின்போது காவடிப் பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தவர், பூசம் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. ரூபினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னாங்க, பாட்டு கூடிப்போச்சு" என்றாள். முன்பென்றால் சண்டை வந்திருக்கும். அன்று அவர் பாட்டை நிறுத்திவிட்டு, நேற்று எவ்வளவு தூங்கினோம் என்று யோசித்தார். டாக்டரைப் பார்த்தார், மாத்திரையைக் கூட்டினார்கள், செல்வா சில நாள் விடுப்புக் கொடுத்தார். வகுப்பை யார் எடுப்பது என்று கவலைப்பட்டபோது ஷாமளா போன் செய்தாள்.

"நான் எடுக்குறேண்ணே. நீங்க வரலன்னு சொல்லி, ஏன் வரலன்னும் சொல்லட்டுமா? நல்ல பாடமா இருக்கும்."

"சொல்லு லா," என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. பங்குனிக்குள் திரும்பி வந்துவிட்டார். ஷாமளா அதற்குப் பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டு, பெக்கான் நானாஸில் தனக்கென்று ஒரு வகுப்பு வைத்துக்கொண்டாள். அவள் இடத்தில் இன்னும் சிரிப்புச் சத்தம் அதிகம் என்று கேள்வி.

இந்த வருடம் அவர் பிறந்த காஹாங்கிலிருந்தே வகுப்பு நடத்தக் கூப்பிட்டார்கள். லோஷினி காரோட்ட, மகேஸ்வரனும் ரூபினியும் சுபத்திராவும் ஒரு சனிக்கிழமைக் காலையில் போய் இறங்கினார்கள். பாலாய் ராயா எனும் ஊர்ப் பொதுமண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். மேடைபோல் ஒரு வரிசையில் போட வேண்டாம் என்பது மகேஸ்வரனின் கட்டளை. முதலில் வந்தவர் வயதான ஒரு பெண்மணி. உட்கார்ந்ததும் ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக் கையை நீட்டினார்.

"பிரஷர் பாக்கலியா?"

"பிரஷர் இல்லம்மா. இது மனசு சம்பந்தப்பட்ட வகுப்பு. கோப்பி குடிக்கிறீங்களா?"

அவர் கையை இறக்கினார். போய்விடுவார் என்று மகேஸ்வரன் நினைத்தார். அந்த அம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "என் மவன் ரூம்ப விட்டு வெளியவே வரமாட்டேங்குறான் தம்பி. யாருகிட்டயும் சொல்லல. அதுக்கும் இதுதானா?"

மகேஸ்வரன் ஒரு நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். "அதுக்கும் இதுதாம்மா," என்றார். "எப்பலேர்ந்து வரலன்னு மெதுவா சொல்லுங்க. இன்னும் ஆளுங்க வரட்டும், நமக்கு நேரம் இருக்கு."

ரூபினி மூன்று கோப்பைகளில் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்து, தானும் அவர்களோடு உட்கார்ந்தாள்.